கட்டை வந்த பிறகு

மூன்று நாள் வேலை என்றுதான் சொன்னார்கள். ஒரு பை போதும் என்று நானும் கிளம்பினேன். அந்த மலைச் சாலையில் ஒன்பது வருடம் மண் தள்ளிய பொறியாளன் நான். அங்கிருந்து மாற்றல் வாங்க யார் யார் காலைப் பிடித்தேன் என்பது தனிக் கதை. மாற்றல் கிடைத்து இரண்டு வருடம் நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு திரும்பவும் என்னையே கூப்பிட்டார்கள். "உனக்குத்தான்யா அந்த ரோடு அத்துப்படி" என்றார் எங்கள் மேலதிகாரி. தன் தலைவலியை என் தலையில் கட்டும்போதெல்லாம் அவர் இப்படித்தான் பாராட்டுவார்.

விஷயம் இதுதான். அந்தச் சாலையை வைத்துக்கொள்வதா, கைவிடுவதா என்று பார்க்க ஒரு குழு போட்டிருந்தார்கள். அடுத்த பள்ளத்தாக்கு வழியாகப் புதுச் சாலை வந்துவிட்டது. அரை மணி நேரம் சுற்று, ஆனால் தலையில் கல் விழாது. பழைய சாலையில் எத்தனை வண்டி போகிறது என்று மூன்று நாள் எண்ணி, கூடவே என் கருத்தையும் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். கருத்து கிளம்பும்போதே தயாராக இருந்தது. மூடித் தொலையுங்கள்.

அழகுக்கு ஒரு குறைவும் இல்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மேகம் மிதக்கும் பள்ளம். வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். "இதையா மூடப் போறீங்க, மனசாட்சி இல்லையா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கென்ன, படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். காலையில் அள்ளிய மண் சாயங்காலம் திரும்ப விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது நான். ஒன்பது வருடத்தில் அந்த மலையில் கால்வாசியை நானே பள்ளத்தில் தள்ளியிருப்பேன். மலை அசையவில்லை, எனக்குத்தான் முடி கொட்டியது.

அந்தச் சாலையின் நடுவில் ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒரு வண்டி அகலத்துக்குத்தான் இடம். மேலே ஒரு கேட், கீழே ஒரு கேட். ஒரு தடவை மேலிருந்து வண்டிகளை இறக்குவார்கள், அடுத்த தடவை கீழிருந்து ஏற்றுவார்கள். உள்ளே போன் எடுக்காது. வாக்கி டாக்கியில் பாதி நேரம் இரைச்சல்தான். அதனால் ஒரு பழைய ஏற்பாடு. ஒரு முழ நீளத்தில் சிவப்புச் சாயம் பூசிய மரக்கட்டை ஒன்று. இந்தக் கேட்டில் கடைசியாக நுழையும் வண்டிக்காரரிடம் அதைக் கொடுத்துவிடுவார்கள். அவர் மறு கேட்டில் அதை ஒப்படைத்துவிட்டுப் போவார். கட்டை வந்துவிட்டால் உள்ளே யாரும் இல்லை என்று அர்த்தம், எதிர்ப்பக்கத்து வண்டிகளை விடலாம். இதைவிட எளிமையாக ஓர் ஏற்பாடு செய்ய முடியாது என்று பல கூட்டங்களில் பெருமையாகப் பேசியிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் நாலேகாலுக்கு அந்த ஒன்றரை கிலோமீட்டரின் மேல் மலை மொத்தமாக இறங்கியது. நான் அப்போது கீழ்க் கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். கட்டை சற்று முன்தான் என் கைக்கு வந்திருந்தது. அதனால் யோசிக்காமல் எழுதினேன். சரிவின்போது உள்ளே வாகனம் ஏதுமில்லை, உயிர்ச்சேதம் இல்லை. அவ்வளவு மண்ணை அள்ள வழியில்லாமல் அதன் மேலேயே சமன்செய்து புதுப் பாதை போட்டோம். பழைய சாலை எங்கோ இருபதடிக்குக் கீழே கிடக்கிறது.

நான் போய் இறங்கியது ஒரு மத்தியானம். கீழ்க் கேட்டின் தகரக் கொட்டகையில் ஒரு பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பெரிய மழைக்கோட்டு, தோளில் வாக்கி, கையில் தடுப்புக் கம்பின் கயிறு. அப்பன் வயதில் இருந்த லாரிக்காரர்கள்கூட அவளை அக்கா என்றார்கள். பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவளுக்கும்தான்.

அவள் கணவர் ரொட்டிக் கம்பெனி வண்டி ஓட்டியவர். காலையில் ரொட்டி ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவார், சாயங்காலம் காலித் தட்டுகளோடு இறங்குவார். மலை சரிந்த அன்றைக்குத்தான் அவரும் காணாமல் போனார். வண்டி மண்ணுக்குள் இருக்கிறது, தோண்டிப் பாருங்கள் என்று இவள் ஏழு தடவை என் அலுவலகத்துக்கு மனு கொண்டுவந்தாள். கட்டை வந்துவிட்டது, உள்ளே வண்டி இல்லை என்று ஏழு தடவையும் நான் அதே பதிலைச் சொன்னேன். ஊரில் வேறு கதை ஓடியது. வண்டியை விற்றுவிட்டு எவளையோ கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்றார்கள். மாமியாரே அதை நம்பி இவளை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"எப்பம்மா இங்க வேலைக்குச் சேர்ந்தீங்க?"

"நீங்க மாத்தலாகிப் போனப்புறம் சார். நீங்க இருந்திருந்தா சேர விட்டிருப்பீங்களா?"

"நான் என்ன உங்களுக்கு எதிரியா?"

அவள் என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள். "எண்ணி முடிச்சதும் மூடிருவாங்களா?"

"அதைக் குழு முடிவு பண்ணும்."

"மூடிட்டா அந்த மண்ணை யாரு சார் தோண்டுவா? எம் புருஷன் அங்கேயே கிடக்கணுமா? ஓடிப்போனவன் பொண்டாட்டின்னே நான் சாகணுமா?"

"கட்டை வந்துச்சும்மா. என் கையிலதான் வந்துச்சு. எத்தனை தடவைதான் சொல்றது?"

"கட்டை வந்துச்சு. அவரு வரலையே."

எனக்குச் சலிப்பாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன்.

மத்தியானம் முழுக்கக் கணக்கு சுத்தமாக இருந்தது. மேல் கேட்டுக்காரர் எத்தனை வண்டி விட்டேன் என்று வாக்கியில் சொல்வார், அத்தனையும் வெளியே வரும். கழுத்தில் எப்போதும் ஒரு ஊதல் தொங்குவதால் அவருக்கு விசில் என்று பெயர். முன்பெல்லாம் வாயை மூடமாட்டார், வாக்கியிலேயே ஜோக் அடிப்பார். இப்போது எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வயசாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்குப் பதினான்கு வண்டிகள் இறங்கின. பதினான்காவது காரில் கட்டை வந்தது. எங்கள் பக்கம் ஏறுவதற்கு இருபது வண்டி காத்திருந்தது. அவள் கம்பைத் தூக்கவில்லை.

ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம். ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள்.

"தூக்குங்கம்மா. கட்டைதான் வந்திருச்சே."

"இன்னும் ஒண்ணு இருக்கு சார்."

"பதினாலு விட்டாங்க, பதினாலு வந்தாச்சு!"

"கொஞ்சம் பொறுங்க."

ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து, "அக்கா, தினமும் இதே ரோதனையா?" என்று கத்தினார். ஐந்து நிமிடம் கழித்துத்தான் அவள் கயிற்றை இழுத்தாள். நான் கொதித்துப்போனேன். இப்படி இஷ்டத்துக்குக் கேட்டை நிறுத்தினால் வேலையிலிருந்து எடுத்துவிடுவேன் என்று திட்டினேன். அவள் மழைக்கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு நாலு மணிக்கு ஃபேனை நிறுத்திட்டு உட்காருங்க சார். உங்களுக்கே கேக்கும்."

மறுநாள் காலையிலிருந்தே பனிமூட்டம். மூன்றரை மணிக்கெல்லாம் கொட்டகையிலிருந்து பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. ஈர மண்ணும் டீசல் புகையும் கலந்து நாறியது. நாலு மணிக்கு விசில் பதினொன்று என்றார். மூட்டத்துக்குள்ளிருந்து விளக்குகள் ஒவ்வொன்றாக வந்து, வண்டியாகி, கடந்து போயின. பதினொன்றாவதாக ஒரு வேன். அதன் டிரைவர் கட்டையை என் கையில் கொடுத்தார். கட்டை ஈரமாக, சில்லென்று இருந்தது.

நான் ஃபேனை நிறுத்தினேன். அவள் சொன்னாள் என்பதற்காக இல்லை, குளிராக இருந்தது.

முதலில் வாசனைதான் வந்தது.

அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியின் வாசனை. அந்த இடத்திலிருந்து இருபது கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் ஒரு டீக்கடைகூட இல்லை.

பிறகு சத்தம். தகரத் தட்டுகள் ஒன்றோடொன்று மோதிக் குலுங்கும் சத்தம். குழிகளில் மெதுவாக இறங்கி ஏறுகிற ஒரு வண்டியின் சத்தம். கிட்டே வந்துகொண்டிருந்தது. மூட்டத்தில் இரண்டு மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. இடது வெளிச்சம் வலதைவிட மங்கல்.

அவள் எழுந்து நின்றாள். கம்பைத் தூக்கினாள்.

வெளிச்சம் அசையாமல் நின்றது. பிறகு அணைந்தது.

தட்டுகளின் சத்தம் மட்டும் இரண்டு மூன்று முறை குலுங்கி ஓய்ந்தது. எதுவும் வெளியே வரவில்லை.

"இடது லைட்டு மங்கலா இருக்கும். மாத்துங்கன்னு சொல்லிட்டே இருந்தேன்" என்றாள் அவள் மெல்ல. "தினமும் அங்கேயே வந்து நின்னுடுறாரு சார்."

நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். பதினொன்றுக்குப் பக்கத்தில் பன்னிரண்டாவதாக ஒரு கோடு போட்டிருந்தேன். எப்போது போட்டேன் என்று ஞாபகமில்லை.

அன்றைக்கு நான் பயந்தேன் என்பதைவிட எரிச்சலடைந்தேன் என்பதுதான் உண்மை. பொறியாளனுக்குக் கணக்கு உதைத்தால் பேயைப் பார்த்ததைவிட மோசம். விடுதி அறையில் உட்கார்ந்து காரணம் தேடினேன். பாறையில் பட்டுத் திரும்பும் எதிரொலி. மூட்டத்தில் சிதறும் வெளிச்சம். ரொட்டி வாசனைக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை ஜீப்பை எடுத்துக்கொண்டு மேல் கேட்டுக்குப் போனேன். நுழைகிற இடத்திலேயே உட்கார்ந்து எண்ணிவிட்டால் யார் ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்துவிடும் அல்லவா?

விசில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பாதியாக இளைத்திருந்தார். என்ன கேட்டாலும் ஒரு வார்த்தைதான் பதில். நாலு மணிக்கு ஒன்பது வண்டிகளை விட்டார். ஒன்பதாவது காரில் கட்டையைக் கொடுக்கப் போனவரைத் தடுத்து, கட்டையை நானே வாங்கிக்கொண்டேன். இன்றைக்கு என் ஜீப்தான் கடைசி வண்டி, நானே போய்ப் பார்த்துவிடுகிறேன் என்றேன். அவர் சரி என்று தலையாட்டிக் கம்பைத் தூக்கினார். நான் நாலடி உருட்டிக் கேட்டைத் தாண்டி, கண்ணாடியில் பின்னால் பார்த்தேன்.

அவர் கம்பை இறக்கினார். ஒரு மூச்சு நேரம் நின்றார். மறுபடியும் தூக்கினார். வெறும் சாலையைப் பார்த்து, போ போ என்று கையசைத்தார்.

நான் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன்.

"யாருக்குய்யா தூக்குனே?"

அவர் முகம் வெளிறிப்போனது. கம்பைப் பிடித்தபடியே அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"தூக்கலைன்னா அவரு இங்கேயே நின்னு ஹாரன் அடிக்கிறாரு சார். எனக்குத் தாங்கலை."

"யாரு?"

"ரொட்டிக்காரரு. அன்னிக்கு நாந்தான் சார் விட்டேன். கட்டையை ஒரு கார்ல குடுத்து அனுப்பிட்டேன், கம்பை இறக்கிட்டேன். அப்புறமா வந்து நின்னாரு. தெரிஞ்ச மனுஷன், தினமும் எனக்கு ஒரு பன்னு குடுத்துட்டுப் போவாரு. 'அண்ணே, அந்தக் காரை எட்டிப் புடிச்சிருவேன், வீட்ல காத்துட்டிருப்பா, விடுண்ணே'ன்னாரு. ஒத்த வண்டிதானேன்னு தூக்கி விட்டுட்டேன்."

கட்டைக்குப் பின்னால் ஒரு வண்டி. ஏழு தடவை ஒரு பெண் என் மேஜைக்கு முன்னால் நின்று சொன்னது அதைத்தான்.

"இதை ஏன்யா என்கிட்டச் சொல்லலை? ஏன் சொல்லலை?" அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"சொன்னேன் சார்."

"எப்போ?"

"மண்ணு விழுந்த உடனே. வாக்கியில. 'சார், கட்டைக்குப் பின்னாடி ஒண்ணு'ன்னு ஆரம்பிச்சேன். நீங்க, 'கட்டை என் கையில இருக்குய்யா, கதை பேசாம லைனை விடு'ன்னு கத்துனீங்க. அப்புறம் எனக்குத் தைரியம் வரலை. நீங்க எழுதியும் குடுத்துட்டீங்க."

சொன்னேன். நான் அப்படியேதான் சொன்னேன். அந்த வாரத்தில் அது மூன்றாவது சரிவு, நான் இரண்டு நாளாகத் தூங்கவில்லை, யார் பேசினாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். விசில் என்னவோ ஆரம்பித்ததும் நான் வெட்டியதும் நன்றாக ஞாபகம் வந்தது. அவர் சட்டையை விட்டேன்.

ஜீப்பில் ஏறினேன். வேறு வழியில்லை, கட்டை என்னிடம் இருந்தது. கீழே அவள் அதற்காகக் காத்திருந்தாள்.

முதல் அரைக் கிலோமீட்டர் ஒன்றுமில்லை. மூட்டம் கண்ணாடியில் படிந்தது, துடைப்பான் கிறீச்சிட்டது. பிறகு ஜீப்புக்குள் ரொட்டி வாசனை வந்தது.

பின்கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

இரண்டு மஞ்சள் வெளிச்சம். இடது பக்கம் மங்கல்.

நான் வேகமெடுத்தால் அதுவும் எடுத்தது. தட்டுகள் சடசடவென்று குலுங்கின. அவசரமாக வீட்டுக்குப் போகிற ஒரு வண்டியின் சத்தம், அவ்வளவுதான். அதில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கீழ்க் கேட்டுக்குச் சற்று முன்னால், பாறை துருத்திக்கொண்டிருக்கும் வளைவு வந்தது. நான் திரும்பினேன். பின்னால் வெளிச்சம் அணைந்தது.

ஜீப்பை நிறுத்தினேன். இன்ஜினையும் அணைத்தேன்.

நிசப்தம்.

பிறகு என் காலுக்குக் கீழே.

சரக்.

மிகவும் கீழே. தகரத்தால் மண்ணைச் சுரண்டுகிற சத்தம்.

சரக். சரக்.

கொஞ்சம் இளைப்பாறி, மறுபடியும். சரக். அந்தச் சத்தம் கீழ்க் கேட்டின் பக்கமாக, ஒவ்வொரு விரற்கடையாக நகர்ந்துகொண்டிருந்தது.

எப்படிக் கீழே வந்து சேர்ந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. அவள் கட்டைக்காகக் கையை நீட்டினாள். நான் என்னவோ உளறினேன். விசில் சொன்னதைச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் அழவில்லை. "தோண்டுங்க" என்றாள்.

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். "உன்னை எண்ணத்தானே அனுப்புனேன்? மூடப்போற ரோட்டுல இப்ப போய் மண்ணைக் கிளறுவியா? யாரைக் கேட்டு?" என்றார். விசில் வாக்குமூலம் தருகிறார் என்றேன். "அவன் குடிச்சிருப்பான்" என்றார். விசில் சொட்டுக்கூடத் தொடமாட்டார். நான் போனை வைத்துவிட்டு பொக்லைன் ஓட்டுநரைத் தேடிப் போனேன். அவசரச் சரிவுக்காக எப்போதும் அங்கே நிற்கும் இயந்திரம் அது. உத்தரவுத் தாள் கேட்டார். வண்டி எண்ணிய தாளின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வெளிச்சம் அணைந்த வளைவில் தோண்டினோம், இரண்டு நாள் பிடித்தது. இரண்டாம் நாள் மத்தியானம் வாளி தகரத்தில் உரசியது. வண்டி பாறையோரம் குறுக்காகச் சாய்ந்து கிடந்தது. துருத்தி நின்ற பாறை ஒரு கூரைபோல அதன் மேல் மண் விழாமல் தடுத்திருந்தது. கூண்டு நசுங்கவில்லை. கண்ணாடிகூட ஒன்றுதான் உடைந்திருந்தது.

உள்ளே அவர் இல்லை.

கீழ்க் கேட்டைப் பார்த்திருந்த கதவு திறந்திருந்தது. கதவிலிருந்து மண்ணுக்குள் ஒரு துளை போனது. ஓர் ஆள் ஊர்ந்து போகும் அளவுக்கு. ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கினார். மீதியை மண்வெட்டியால் எடுத்தோம். பதினாறு அடி நீளம். வழியில் ரொட்டி உறைகள் கிடந்தன, விற்காமல் திரும்பி வந்த ரொட்டிகளின் உறைகள். ஆறு. ஒவ்வொன்றும் மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது.

துளையின் முடிவில் அவர் இருந்தார். கையில் ஒரு ரொட்டித் தட்டு. அதன் விளிம்பு தேய்ந்து தேய்ந்து பாதியாகியிருந்தது.

ஆறு ரொட்டி. எத்தனை நாள் என்று என் மூளை தானாகவே கணக்குப் போட்டது. அந்த நாட்களில் நான் மேலே நின்று மண்ணைச் சமன்படுத்திக்கொண்டிருந்தேன். ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தேன். உயிர்ச்சேதம் இல்லை என்று எழுதி, வேகமாக வேலையை முடித்ததற்குப் பாராட்டும் வாங்கியிருந்தேன்.

அவளைக் கிட்டே விட வேண்டாம் என்றேன். யார் சொல்லி அவள் கேட்டாள்? இறங்கி வந்து துளையைப் பார்த்தாள், உறைகளைப் பார்த்தாள். வெகு நேரம் தட்டைப் பார்த்தாள்.

"நம்ம பக்கமாத்தான் தோண்டியிருக்காரு" என்றாள்.

என்னை அடித்திருக்கலாம். திட்டியிருக்கலாம். அவள் அவர் முகத்தின் மேலிருந்த மண்ணை மழைக்கோட்டின் நுனியால் தட்டிக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்தது. ஓடிப்போனவன் என்று பேசிய ஊர் மொத்தமும் வந்து நின்றது. மாமியார் அவள் காலில் விழப்போனாள் என்று சொன்னார்கள். விசிலை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். எனக்கு விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் அந்த ஒன்பது வருடத்தில் அதே ஒன்றரை கிலோமீட்டரில் நடந்த சரிவுகளுக்கு நான் எழுதிய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். மொத்தம் பதினொன்று. பதினொன்றிலும் அதே வாசகம். கட்டை வந்துவிட்டது, உள்ளே வாகனம் ஏதுமில்லை, உயிர்ச்சேதம் இல்லை. ஒன்றைக்கூட நான் உள்ளே போய்ப் பார்த்து எழுதவில்லை.

காவல் நிலையத்துக்குப் போய் அந்தத் தேதிகளில் காணாமல் போனவர்கள் பட்டியல் கேட்டேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். உங்கள் துறை மூலமாக வரவேண்டும் என்றார்கள். துறையில் மேலதிகாரி கையெடுத்துக் கும்பிட்டார். "ஒண்ணைத் தோண்டி இவ்வளவு அசிங்கம் போதாதா? ரோட்டையே மூடப்போறாங்க, விடுய்யா." ஒவ்வொரு மேஜையாகப் போனேன். ஏழு தடவை அவள் நடந்த நடை எனக்கு அப்போதுதான் புரிந்தது.

குழு கூடி முடிவெடுத்தது. உயிர்ச்சேதம் நடந்த சாலை என்பதால் உடனடியாகக் கைவிடுவது என்று. நான் தோண்டியதையே காரணமாகக் காட்டி, இனி யாரும் தோண்ட முடியாதபடி செய்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பிக் கதவு வைத்துப் பற்றவைத்து, பிறகு அதற்கு முன்னால் காங்கிரீட் சுவர். கீழ்ப் பக்கத்தை மூடும் வேலைக்கு மேற்பார்வை யார் என்று கேட்கவே வேண்டாம். எனக்குத்தான் அந்த ரோடு அத்துப்படி.

மூடுகிற நாள் அவளும் வந்திருந்தாள். வேலை போய்விட்டது, வரவேண்டிய அவசியமில்லை. "நாலு மணி வரைக்கும் இருந்துட்டுப் போறேன் சார்" என்றாள். வெல்டர் ஓரமாகப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மூட்டம் இறங்கியது. நாலு மணி ஆயிற்று. நாலேகால் ஆயிற்று. நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். ஈர மண் வாசனை மட்டும்தான். தட்டுச் சத்தம் இல்லை. மஞ்சள் வெளிச்சம் இல்லை.

அவள் பெருமூச்சு விட்டாள். மூன்று வருடத்தில் முதல்முறையாக அவள் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன்.

"போயிட்டாரு சார்" என்றாள். "வீடு வந்து சேர்ந்துட்டாரு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள்.

எனக்கும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. வெல்டர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். முகமூடியை இறக்கிக்கொண்டு, வழக்கமாகக் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டார்.

"உள்ள யாரும் இல்லையே சார்?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

மூட்டத்துக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மெதுவாக, தட்டுத் தடுமாறி இறங்கி வருகிற சத்தம். ஒற்றை வெளிச்சம் ஒன்று தெரிந்து, கதவுக்கு நூறடிக்கு அப்பால் நின்று, அணைந்தது. அதற்குப் பின்னால், இன்னும் மேலே, ஒரு பெரிய வண்டி நீளமாக ஹாரன் அடித்தது.

அவள் பையைக் கீழே வைத்தாள். கிசுகிசுப்பாகச் சொன்னாள்.

"இது அவரு இல்ல சார்."

வெல்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் கேட்கவில்லை போலிருந்தது. "சொல்லுங்க சார், கதவைப் பத்த வெக்கலாமா?" என்றார் மறுபடியும்.

கதவுக்கு அந்தப் பக்கம், தரைக்குக் கீழே, ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் மண்ணைச் சுரண்ட ஆரம்பித்திருந்தார்கள்.